குல்லாவுக்குள் ஒரு குட்டி

இந்நேரம் வந்திருக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திண்டிவனத்தில் ஏறியிருந்தால்கூடப் பொழுது சாய்வதற்குள் விழுப்புரம் வந்து இறங்கியிருக்கலாம், ஒருவேளை கூட்டேரிப்பட்டுப் பக்கம் டயர் பஞ்சராகி நின்றுவிட்டதோ, பஞ்சராகவே இருக்கட்டும் முருகா, வேறு காரணம் எதுவும் வேண்டாம்... தனம் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து மடியிலிருந்த பூனைக்குட்டியின் முதுகில் ஒற்றினாள். அது ஒருமுறை நெளிந்துவிட்டு அடங்கியது. காலையில் கிளம்பும்போதே வீரமுத்துவிடம் சொல்லித்தான் அனுப்பினாள், அக்கா வீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வாருங்கள் என்று. அவர் காதில் விழுந்த மாதிரி தலையை ஆட்டினார், அந்தத் தலையாட்டலை இவள் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள், ரயில்வேயில் பச்சைக்கொடி காட்டிக் காட்டி எதற்கும் சரி என்கிற பழக்கம் வந்துவிட்டது. அக்கா ருக்கு பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொன்னாலும் அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையோடு வருவார். வருவாரா அப்படி? லீவுக்குப் போகும்போது பாஞ்சாலி அலமாரியிலிருந்த பாவாடை சட்டை அத்தனையும் எடுத்துப் பையில் வைத்தாளே, அரைப்பரீட்சை லீவுக்குப் போகிற பிள்ளைக்கு யூனிபாரம் எதற்கு? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்துகொண்டு, வாசலில் நின்று டாட்டா காட்டினாள்.

ஆனால் இதை விட்டுவிட்டுத்தானே போனாள்... அதுதான் இவளுக்கு இருக்கிற ஒரே தைரியம். திரும்பி வராத பிள்ளை பூனைக்குட்டியை விட்டுவிட்டுப் போகுமா? மார்கழிக் குளிரில் பஸ்ஸில் தூக்கிப்போனால் செத்துப்போகும் என்று விட்டுப்போனாளோ, அப்படியானால் குளிர் போய் வெயில் காலம் வந்ததும் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொண்டு போவாளோ... தனம் துணியின் நுனியைத் திரித்துக் குட்டியின் காதுக்குள் விட்டுத் துடைத்தாள், வாரத்துக்கு ஒருதரம் துடைக்காவிட்டால் பழுப்பாக அழுக்கு அடைத்துக்கொள்கிறது. முடியுள்ள பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தமாக இருக்கும், இதற்கு எண்ணெய்ப் பிசுக்கு போலத் தோலெல்லாம் கசிந்து, படுத்த துணியெல்லாம் கறை. தீபாவளிக்குப் போனபோது அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தது இது, கூடப் பிறந்ததுகளையெல்லாம் தாய்ப்பூனை கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டது, இதை மட்டும் வைக்கோலில் விட்டுவிட்டது. உடம்பில் பேருக்கு ஒரு மயிர் கிடையாது, ரோஜா நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக, இடையிடையே சாம்பல் திட்டு. உரிச்ச கோழியாட்டம் இருக்குதே என்று வீரமுத்து சிரித்தார். பாஞ்சாலி சிரிக்கவில்லை. தன் பாவாடை ஒன்றில் சுற்றி ஒயர் கூடைக்குள் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நாலு பெண் வைத்திருக்கிற அக்கா மூன்றாவதைக் கொடுத்தாள், நாலு குட்டி போட்ட பூனை ஒன்றை விட்டுப்போனது, இரண்டும் இந்த வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டுமா என்று அன்றைக்குப் பஸ்ஸில் தோன்றியதை தனம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய நினைப்பா அது?

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லூர்துமேரிதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பின்ட் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கார்க்கை இறுக்கி, பழைய காலுறைக்குள் போட்டுப் பக்கத்தில் வை, அம்மா வயிறு என்று நினைத்து ஒட்டிக்கொள்ளும் என்றாள். "வெயில்ல போட்டுடாதம்மா, தோலு வெந்துடும், பச்சைப் புள்ள மாதிரி பாக்கணும்" என்றாள். வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது, எண்ணெய் தடவினால் நக்கிவிட்டு வயிற்றால் போகிறது, வாசலில் விட்டால் நாய், அடுப்படியில் விட்டால் நெருப்பு... பேஜாருதான். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். இதை அப்படியே நினைத்துவிட்டு, பெற்றால்தானே தெரியும் உனக்கு என்று தன்னையே ஒரு குத்துக் குத்திக்கொண்டாள்.

பாஞ்சாலி போனதிலிருந்து குட்டி சரியாகக் குடிக்கவில்லை. இங்க் ஃபில்லரில் பாலை எடுத்து வாயோரம் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கதவு சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கும், இவளைப் பார்த்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும். என்ன திமிர் பாரேன், அந்தப் பெண் மாதிரியேதான் நீயும். இது செத்து வைத்தால் என்ன பதில் சொல்வது... நேற்று பொறுக்கமாட்டாமல் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். பசுமாட்டையும் வெள்ளாட்டையும் பிடித்துக்கொண்டு நின்றவர்களெல்லாம் கூடைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு ஐயே என்று விலகினார்கள். டாக்டர் நல்ல மாதிரி, விரலால் தோலைத் தடவிப் பார்த்து, "சொறியெல்லாம் ஒண்ணுமில்லம்மா, பொறவியே அப்டித்தான், முடி வராது, குளிரு படாம பாத்துக்கினா போதும், நல்லாருக்கும்" என்றார். முடி வராது. இதைத்தான் எப்படிச் சொல்வதென்று நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. பாஞ்சாலி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கண்ணாடி முன்னால் குட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு தன் தலையையும் அதன் முதுகையும் மாறிமாறித் தடவிப் பார்ப்பாள், வாய் மட்டும் அசையும், குட்டியிடம்தான் பேசுவாள், எனக்கு வந்துடுச்சு பாரு, அடுத்து உனக்குத்தான் என்று. இந்த வீட்டில் அவள் பேசியதெல்லாம் குட்டியிடம்தான். சின்னம்மா சின்னம்மா என்று காலைக் கட்டிக்கொண்டு வந்தவள், அந்த மயிலம் போய்வந்த நாளிலிருந்து இவளை எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை, தண்ணி வேணும், பென்சில் வேணும், அவ்வளவுதான்.

நான் என்ன ஊரில் இல்லாததையா செய்துவிட்டேன்? வேண்டுதல். கல்யாணமான புதிதில், மாதா மாதம் ஏமாந்து ஏமாந்து, மயிலம் மலைப் படியில் உட்கார்ந்து அழுதபடி வேண்டிக்கொண்டது, என் வீட்டுக்கு ஒரு பிள்ளை வரட்டும் முருகா, அதன் முதல் முடி உனக்கு. பிள்ளை வந்தது, ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, ஏழு வயசும் இடுப்பு வரைக்கும் கூந்தலுமாக வந்தது. அக்கா விளக்கெண்ணெய் தடவித் தடவி வளர்த்த கூந்தல். கைக்குழந்தையாக இருந்தபோதே அக்கா மொட்டை போட்டு முடித்துவிட்டாள்தான், ஆனால் என் வீட்டுக்கு வந்தபிறகு இதுதானே முதல் முடி, கடன் கடன்தானே, தள்ளிப்போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? பாஞ்சாலி கத்தியைப் பார்த்ததும், "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "சாமிக்குத் தெரியும், உக்காரு" என்றாள் இவள். நல்ல பதில் சொல்லிவிட்டதாக வேறு அப்போது நினைத்துக்கொண்டாள். ஐப்பசித் தூறல். முடி மடியில் விழ விழப் பிள்ளை அழவில்லை, குளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றி, சந்தனத்தை வழிய வழியத் தடவி, காதோரம் இறங்கியதை வழித்து மறுபடி மேலே அப்பி... பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பாஞ்சாலி துண்டை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். சந்தனம் காயணும்டி, மூடாத, என்று இவள் இழுத்தாள். மறுபடி மூடினாள். மறுபடி இழுத்தாள். வீட்டுக்கு வந்தும் அந்தத் துண்டுதான், தூங்கும்போதும் துண்டு, பள்ளிக்கூடத்துக்கும் துண்டு, பார்க்கிறவர்களெல்லாம் என்னவோ ஏதோ என்று கேட்கிறார்கள், என் மானத்தை வாங்குவதற்கென்றே செய்கிறது, சின்னதாக இருந்தாலும் என்ன வைராக்கியம் என்று ஆத்திரம் வந்து ஒருநாள் துண்டைத் தூக்கி டிரங்குப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்தாள். அதன்பிறகு பாஞ்சாலி பாவாடையைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு தூங்கினாள். தீபாவளிக்குப் போனபோது ருக்கு மகளின் தலையைப் பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம்.

வெளிச்சம் போய்விட்டது. குட்டிக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது, பின்ட் பாட்டில் ஆறிவிட்டது போல. தனம் எழுந்து வெந்நீரை மாற்றினாள், பாவாடைத் துணி ஈரமாக இருந்தது, வேறு துணிக்கு அங்குமிங்கும் பார்த்தாள், ஆணியில் வீரமுத்துவின் குரங்குக் குல்லா தொங்கிற்று, ராத்திரி டூட்டிக்குப் போட்டுப்போவது. எடுத்துக் குட்டியை அதற்குள் விட்டாள். முகத்துக்கு இருக்கிற ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு அது ஊரைப் பார்க்கிற பெரிய மனுஷனாட்டம் உட்கார்ந்ததும் இவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. குடிடி, ஒரு வாய் குடி, அவள் வந்து பார்க்கும்போது நீ வயிறு ஒட்டிக் கிடந்தால் நான் என்னத்தைச் சொல்வேன், உனக்கு ஒரு பாலாடை வைக்கிறேன், அவளுக்கு முடி வளர்க்கிறேன், இடுப்பு வரைக்கும், முட்டி வரைக்கும், இனி ஒரு கத்திரியும் படாமல் பார்த்துக்கொள்கிறேன், நீ குடி... ஃபில்லர் நுனியைக் குட்டி ஒருமுறை நக்கியது. மறுமுறை நக்கியது. ஜங்ஷன் பக்கம் எஞ்சின் கூவியது. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

முதலில் அவள் கண்ணில் பட்டது வீரமுத்துவின் கையிலிருந்த பை. உப்பிக்கொண்டிருந்த பை. அப்புறம்தான் பிள்ளை, தலையில் ஒரு விரற்கடை முடி, அக்கா படிய வாரி நெற்றியில் பொட்டும் வைத்து அனுப்பியிருந்தாள். "விக்கிரவாண்டியாண்ட பஸ்ஸு டயரு வெடிச்சுப்போச்சு, வேற பஸ்ஸு புடிச்சு நின்னுக்கினே வர்றோம்" என்றார் அவர். இத்தனை வருஷத்தில் முருகன் உடனுக்குடன் கேட்டது இந்த ஒன்றைத்தான். அவர் பையை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முழுப்பரிச்சை முடியிற வரைக்கும் இங்க இருக்கட்டுமாம். அப்பால பாஞ்சாலியையே கேட்டுக்கலாம்னு உங்கக்கா சொல்லுது." சரி. அதுவரைக்கும் நாள் இருக்கிறது. அப்புறம் பாஞ்சாலியையே கேட்பார்கள்... கேட்கட்டும். நியாயம்தான்.

பாஞ்சாலி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து மண்டியிட்டாள். குட்டி குல்லாவுக்குள்ளிருந்தே கத்தியது, இத்தனை நாளாக இல்லாத குரலில். "முடி வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவள் குல்லாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கொஞ்சம் கொஞ்சமா வருதுடி என்று சொல்லிவிடலாம், முழுப்பரீட்சை வரைக்கும் ஓட்டிவிடலாம், சொன்னால் முகம் விழுந்துவிடுமே... தனம் வாயைத் திறந்தாள், சாமிக்குத் தெரியும் என்று சொன்ன அதே வாய். "வராதாம்டி. டாக்டராண்ட இட்டுக்கினு போனேன். பொறவியே அப்டியாம். எப்பவுமே இப்டித்தான் இருக்குமாம்."

பாஞ்சாலி அழவில்லை. குட்டியின் முதுகைக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் தடவினாள்.

"அப்போ எப்பவும் குளுந்துக்கினே இருக்குமா, சின்னம்மா?"

சின்னம்மா. எத்தனை நாளாகக் காத்துக் கிடந்த வார்த்தை, வந்ததும் அதைப் பிடித்துவைத்துச் சந்தோஷப்படக்கூட முடியாமல் அதற்கு முன்னால் இருந்த வார்த்தை இவளைப் பிடித்துக்கொண்டது. குளிருமா. அழகாக இருக்காதா என்று கேட்கவில்லை, எல்லாரும் சிரிப்பார்களா என்று கேட்கவில்லை... அந்தத் துண்டு. மானத்தை வாங்கவென்று, வைராக்கியமென்று, அக்காவிடம் காட்டிக்கொடுக்கவென்று, என்னென்னவோ நினைத்து இழுத்தேனே, ஐப்பசி மழையில், ஈரத் தலையில், ஓடுகிற பஸ் ஜன்னலோரம். ஒரு பூனைக்குக் குல்லா மாட்டத் தெரிந்தது எனக்கு.

"அன்னிக்கு... மயிலத்துலேருந்து வர்றப்போ... உனக்குக் குளுந்துதாடி?"

பாஞ்சாலி நிமிரவில்லை. குல்லாவின் ஓரத்தை இழுத்துக் குட்டியின் காதை மூடிவிட்டாள்.

"காதாண்டதான் ரொம்ப" என்றாள்.

கோபமாகச் சொன்னாளா, சும்மா கேட்டதற்குச் சொன்னாளா, அந்தக் குரலில் ஒன்றும் தெரியவில்லை. வீரமுத்து காப்பி கேட்டார். தனம் எழுந்தாள், அடுப்படிக்குப் போகாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு அடியில் கைவிட்டாள், துண்டு மடித்தது மடித்தபடி இருந்தது, சந்தன வாசனை இன்னும் போகவில்லை, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, இப்போது கொடுத்தால் வாங்கிக்கொள்வாளா என்று தெரியாமல், பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.