யாருடைய முட்கள்

மூத்தவள் அந்த ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பார்க்கிறவள். பன்றிகளைத் தாக்கும் வைரஸ்களின் உருவம் அவளுக்கு அத்துப்படி. எது உருண்டை, எது நீளம், எதன் மேல் முள் இருக்கும், எது மொட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே சேர்ந்தாள். சிபாரிசு செய்ததே மூத்தவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதாகத் தோன்றும்.

இளையவள் கம்ப்யூட்டர் பக்கம். வைரஸைக் கண்ணால் பார்க்காமலே, மரபணு வரிசையை வைத்து எது எதற்கு அண்ணன் தம்பி, எது ஒன்றுவிட்ட உறவு என்று வம்சமரம் வரைவாள். இப்போது, வயிற்றுப்போக்கில் செத்த பன்றிக்குட்டிகளிடமிருந்து எடுத்த ஒரு வைரஸ், மரத்தில் ஒழுங்காக உட்கார மாட்டேன் என்றது. அந்த வைரஸின் உடம்பின் மரபணு ஒரு குடும்பம். மேலே இருக்கும் முட்களின் மரபணு வேறு குடும்பம். ஒரே குட்டிக்குள் இரண்டு வைரஸ்கள் கலந்து புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது என்றாள் இளையவள். இயக்குநர் கூப்பிட்டுப் பாராட்டினார். சேதி வீடு வரைக்கும் வந்துவிட்டது.

"சின்னவ ஏதோ புதுசா கண்டுபிடிச்சிருக்காளாமே? நீயும் அங்கதானே வேலை பார்க்கிறே?" என்று மாமியார் கேட்டாள்.

மூத்தவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வைரஸ்களும் கலக்காமல் தனித்தனியாகவே குடலில் இருந்திருக்கலாம்; கம்ப்யூட்டர் இரண்டின் துண்டுகளையும் தவறாக ஒட்டியிருக்கலாம். அந்த நினைப்பு வந்த பிறகுதான் தூக்கம் வந்தது.

மறுநாள் இளையவளே மாதிரியைக் கொண்டுவந்து, சரிபார்த்துத் தரும்படி கேட்டாள். வழி இருந்தது. முள் கொடுத்த வைரஸின் முட்களில் மட்டும் போய் ஒட்டும்படி, மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற பெரிய தங்கமணிகள்; உடம்பு கொடுத்த வைரஸுக்குச் சொந்தமான முட்களில் ஒட்டும்படி சின்ன மணிகள். சின்ன மணி ஒட்டிய வைரஸ் இருந்தால், பழைய வைரஸ் கலக்காமல் அப்படியே மாதிரிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிப்பு சந்தேகத்தில் விழும்.

நூறு வைரஸ் பார்த்தால் போதும். மூத்தவள் ஐந்நூறு பார்த்தாள். மூன்று நாள். கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் பெரிய மணிகள், வேண்டுமென்றே அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதுபோல.

மூன்றாம் நாள் ஒரு சின்ன மணி கிடைத்தது. வைரஸின் மேல் அல்ல, பக்கத்தில், ஒரு மயிரிழை தள்ளி. கழுவும்போது போகாமல் தங்கிவிட்ட மணி என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் படத்தில் வேறு யார் பார்த்தாலும் ஒட்டியிருப்பதாகத்தான் தோன்றும். 'சந்தேகம்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். ஆறு மாசம் எல்லாம் கிடப்பில் கிடக்கும். மாமியார் வாய் மூடும்.

படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்துச் சொன்னதை அங்கே யாரும் இன்னொரு தடவை பார்த்ததில்லை. இளையவளிடம் இன்னும் இல்லாதது அது ஒன்றுதான். அதையும் போய் அவளுக்காகத் தொலைப்பதா? தாளை இழுத்து எழுதினாள்: பெரிய மணி, நானூற்று எழுபத்தெட்டு. எதுவும் ஒட்டாதவை, இருபத்திரண்டு. சின்ன மணி, பூஜ்யம்.

இளையவள் அதை நின்றபடியே படித்தாள்.

"ஐந்நூறா? நூறு போதுமே அக்கா."

யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று பார்த்ததாக மூத்தவள் சொன்னாள்.

"இல்லக்கா. நான் சொன்னது தப்புன்னு காட்டணும்னு பார்த்தீங்க."

மூத்தவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து மாதிரியை வெளியே எடுத்தாள்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட கொண்டுவந்தேன். மத்தவங்க எனக்குச் சாதகமாப் பார்ப்பாங்க. அது எதுக்கு எனக்கு?"

அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று மூத்தவள் தேடினாள். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. தன்னை இவ்வளவு நாளாகப் படித்து வைத்திருக்கிறாள். தான் இவளை ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

கட்டுரையில் வம்சமரத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒரு படத்தை இளையவள் எடுத்தாள். அக்காவின் பேர் தனக்கு அடுத்ததாக வரும் என்றாள்.

"அதை வை கீழே," என்றாள் மூத்தவள். "முள்ளு மங்கலா இருக்கு. என் பேர் போட்டு அதையா அனுப்புவே? நான் வேற எடுத்துத் தரேன்."

மாதிரியை மறுபடி மைக்ராஸ்கோப்புக்குள் செருகிவிட்டு, தன் முகத்தை இன்னும் படிக்காமல் இளையவள் போகட்டும் என்று காத்திருந்தாள்.