கழுவாத கை

மகள் சுபானி 'கூர்' என்கிற ஓய்வுச் சிகிச்சைக்குப் போயிருக்கிறாள் என்று தேவமலர் ஜேர்மனியின் வுப்பர்டால் நகர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். முதுகு நோ, டொக்டர் எழுதிக் கொடுத்த ஓய்வு, மலைக்காற்று. ஒருவரும் நம்பவில்லை. முதுகு நோக்காரி முதுகையல்லவா பிடிக்க வேண்டும்? சுபானி பிடித்ததெல்லாம் தண்ணீர்க் குழாயைத்தான். கழுவிக் கழுவிச் சிவந்து வெடித்திருந்த அந்தக் கைகளைக் கோயிலில் திருநீறு வாங்கும்போது பார்க்காத கண் எது?

அந்த வருத்தத்துக்கு ஜேர்மன்காரன் வைத்த பெயர் ட்ஸ்வாங், விட நினைத்தாலும் விடாத கட்டாயம். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் சுத்தக்காரி. தேவமலருக்கு இரண்டாவது பெயரே பிடித்திருந்தது. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மகன் நிருஜனுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் பெருமை கசந்தது. நிருஜன் குடும்பம் இருந்த மேல்மாடியில் குழந்தை அழும். சுபானி கதவடியோடு நின்று, "என்ரை கையாலை அவனுக்கு ஏதும் வந்திடும் அம்மா" என்று தானும் அழுவாள்.

மாத்திரை, பேச்சு வைத்தியம் எல்லாம் வருடக்கணக்காகப் பார்த்தாயிற்று. அப்போதுதான் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சியில் இடம் கிடைத்தது. ஒருவகைக் காளானில் இருக்கிற, மனக்காட்சிகளை எழுப்புகிற சிலோசைபினைக் கண்காணிப்பில் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்குச் சுகம் வரலாம், வந்தது நில்லாமலும் போகலாம் என்றார் டொக்டர். தேவமலருக்கு அவர் கொடுத்த வேலை ஒன்றுதான்: இனி மகளைக் கழுவச் சொல்லக்கூடாது, "சுத்தமோ?" என்று அவள் கேட்டால் பதிலும் சொல்லக்கூடாது; சொல்லச் சொல்ல வருத்தம் முற்றும். அதைத் தாய்க்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தவளும் சுபானிதான். தேவமலர் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டி வைத்தாள்.

சிகிச்சை முடிந்து வருகையில், தொங்கு ரயிலில் சுபானி வெறுங்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற தேவமலருக்குத்தான் வேர்த்தது.

"என்னடி செய்தவங்கள் உன்னை?"

"கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தன். என்ரை கையள் ரெண்டும் தெரிஞ்சுது. ஆரோ அடிச்சு வளத்த பிள்ளையள் மாதிரி. பாவமாக் கிடந்துது அம்மா." கம்பியை விடாமலே, "வீட்டை போன உடனை அவனைத் தூக்கப் போறன்" என்றாள்.

"பொறு. பிள்ளைப்பெத்த துடக்கு இன்னும் கழியேல்லை. முப்பத்தொண்டு அண்டைக்கு நல்ல நேரத்திலை தூக்கு."

அந்த முப்பத்தோராம் நாளும் வந்தது. ஐயர் தீட்டுக் கழியத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை தாயின் மடியில் கிடந்தது. வேலையால் நேரே வந்த சுபானி, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

விருந்துக்கு வந்த ஊர்க்காரர் யோகலிங்கம் வடையும் வாயுமாக இருந்தார். யாருக்கு எந்த டொக்டரிடம் என்றைக்கு டெர்மின், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அவரவரை விட நன்றாக அறிந்த மனிதர்.

"தேவமலர் அக்கா, கூர் எண்டெல்லோ சொன்னியள்? காளான் காச்சிக் குடுக்கிற கூரோ? நிருஜன் சொன்னான். இஞ்சை பாருங்கோ, சுத்தக்காரி ரயில் கையோடை பச்சைப் பிள்ளையைத் தூக்கிறா! மருந்து நல்லா ஏறியிருக்கு!"

கூடம் சிரித்தது. நிருஜனின் மனைவி குழந்தையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தேவமலருக்கு முகம் எரிந்தது. இருந்த அத்தனை பேரும் அவளுடைய வீட்டின் சுத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையைக் கழுவிப்போட்டு வா பிள்ளை" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது.

சுபானி தாயைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். குளியலறைக்குள் போனாள்.

வடை முடிந்து பாயசம் வந்தது. குழந்தை நித்திரையாகிவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் காதைக் கொடுத்துக் கேட்ட யோகலிங்கமும் பிறகு பாயசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவமலர் எழுந்து போய்க் குளியலறைக் கதவடியில் நின்றாள்.

"அம்மா, கழுவினது காணுமோ? இப்ப சுத்தமோ?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

பதில் சொல்லக்கூடாது. அது நன்றாக நினைவிருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் இவள் வரமாட்டாள், கூடத்திலோ இத்தனை சனம்.

"காணும் பிள்ளை. சுத்தமாப் போச்சுது. வா."

குழாய் நின்றது. தேவமலர் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை.

"வடிவாப் பாத்தோ சொல்லுறியள்?"

மூடிய கதவுக்கு வெளியே நின்றவள் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது.