இருபத்தாறு பரீட்சை

“இந்தத் தடவை அவுகவுக பரீட்சைய அவுகவுகளே எழுதட்டும் சார்” என்றாள் தமிழ்வாணி.

தலைமையாசிரியர் பாண்டிராஜ் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

“சேந்த அன்னைக்கே சொன்னேனா இல்லையா? ஃபேன் ஓடலையா, கேளு. பஸ்ஸு லேட்டா, சொல்லு. இத மட்டும் கேக்காதன்னு?”

“சொன்னீங்க. இப்பக் கேக்குறேன்.”

உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வருகிற பள்ளிக்கூடம் அது. கம்ப்யூட்டர் அறை தமிழ்வாணியின் பொறுப்பு. ஒப்பந்த வேலை; ஜூன் மாதத்துக்கு ஜூன் மாதம் பாண்டிராஜ் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம். எட்டாம் வகுப்புக்கு ஆன்லைன் பரீட்சை வரும். பள்ளியின் சராசரி மதிப்பெண் மதுரையில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் திரையில் ஓடும். நல்ல பள்ளி பச்சை, சுமாரான பள்ளி மஞ்சள், மோசமானது சிவப்பு. சிவப்பில் இருக்கிற தலைமையாசிரியரை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

நிற்காமலிருக்க பாண்டிராஜ் ஒரு வழி வைத்திருந்தார். வகுப்பில் முதலாவதாக வருகிற சத்யப்ரியாவைக் காலையிலேயே கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் நம்பரையும் போட்டு உள்ளே போய், இருபத்தாறு பேருடைய பரீட்சையையும் அவளே எழுதுவாள். மற்ற பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து கதை பேசுவார்கள்.

இதில் யாருக்கும் கேடில்லை என்றுதான் தமிழ்வாணியும் முதலில் நினைத்தாள். ஜூலையில் நினைப்பு மாறியது. ஆன்லைன் பரீட்சையில் அந்தந்தப் பள்ளியில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்கு மதுரையில் சனிக்கிழமை தோறும் இலவசப் பயிற்சி. முடித்தால் ஒன்பதாவதிலிருந்து விடுதியோடு படிப்பு. ஜூலையில் இரண்டு பேர், நவம்பரில் இரண்டு பேர், அதோடு சரி. ஜூலைப் பரீட்சையில் பதின்மூன்று பேர் இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு. எல்லாம் சத்யப்ரியா கை. தன்னுடையதைக் கடைசியில் கண் எரிய எழுதினாள், இருபத்திரண்டு. மதிப்பெண் சமமானால் வயதில் மூத்தவருக்கு இடம் என்பது விதி; பதின்மூன்று பேரில் மூத்த இரண்டு பையன்கள் மதுரைக்குப் போனார்கள். இரண்டாவது சனிக்கிழமையே “அங்க ஒண்ணும் வெளங்கல டீச்சர்” என்று திரும்பி வந்தார்கள்.

சத்யப்ரியாவைத் தோற்கடித்தது சத்யப்ரியாவே. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பாண்டிராஜிடமே சொன்னாள்.

பாண்டிராஜ் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து கம்ப்யூட்டர் அறைச் சாவியை எடுத்து நீட்டினார். “நவம்பர் பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கு. பழக்கு. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்டக் காட்டணும்.”

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உள்ளே விட்டாள். எட்டு மெஷின், ஒன்று அவளுக்கு, ஏழு பிள்ளைகளுக்கு. கேள்வி வந்ததும் ஏழு பேரும் விரலால் திரையைத் தொட்டார்கள். வீட்டில் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் செல்போன்.

“அது போன் இல்லடா. மவுஸப் பிடி.”

சித்தார்த் மவுஸைத் தூக்கி, சரியான விடையின் மேல் வைத்து, திரையில் ஒரு அழுத்து அழுத்தினான்.

“டீச்சர், செத்துப் போச்சு போல.”

“சாகல. நீ பல்லு விளக்குற மாதிரி புடிச்சிருக்க. கீழ வச்சு நகட்டு.”

வகுப்பே சிரித்தது. தமிழ்வாணிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் அவள் வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு மெஷின். நாற்காலியைப் பிடிக்கிறது தினமும் ஒரே ஆள்தான். மூன்று வருடமும் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே அவள் பட்டம் வாங்கினாள். அவள் வீட்டில் அதுதான் முதல் பட்டம். பிறகு மதுரையில் விளாங்குடிப் பக்கம் வேலைக்கான கம்ப்யூட்டர் பரீட்சை ஒன்று எழுதப் போனபோது, தெரிந்த விடையின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தவே நேரம் போய்விட்டது. நேரம் முடிந்ததும் திரை தானாக மூடிக்கொண்டது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே அவள் முதல் வாரம் பாடமே நடத்தவில்லை. மவுஸை நகர்த்து, நிறுத்து, ஒரு தடவை தட்டு. இரண்டாவது வாரம் கேள்வியை முழுதாகப் படிக்கவைத்தாள். தெரியாததைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரச் சொல்லிக்கொடுத்தாள். திரையின் மூலையில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து அழுத ஒரு பெண்ணுக்கு, அந்த இடத்தில் துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டாள். வீட்டில் சோப்பு டப்பாவை வைத்து நகர்த்திப் பழகுவதாக சித்தார்த் சொன்னான். “எங்கம்மா திட்டுது டீச்சர், குளிக்கப் போறியா இல்ல பரீட்சைக்குப் போறியான்னு.”

பரீட்சை நாள். ஏழு ஏழு பேராக வந்து எழுதிவிட்டுப் போனார்கள். முதல் குழுவில் சத்யப்ரியா பதினைந்தே நிமிடத்தில் முடித்தாள். எழுந்து போகாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“அடுத்த நம்பர் யாருது டீச்சர்?”

“உன்னுது முடிஞ்சிருச்சில்ல? போய் வெளையாடு.”

நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

எல்லாருடைய விடையும் தமிழ்வாணியின் மெஷினில் சேர்ந்திருந்தது. நான்கு மணிக்குள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரைக்கும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதவும் வழி உண்டு. மதிப்பெண்ணை அச்செடுத்து ஒருமுறை பார்த்தாள். டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்தாள். மேஜை டிராயரில் கிடந்த சீப்பு, குடை, தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். அறையைப் பூட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாண்டிராஜின் அறைக்குப் போனாள்.

அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “சராசரி பதினொண்ணு. செவப்பு.”

“ஆமா சார்.”

“மணி மூணுதான் ஆகுது. கோவப்படாமக் கேளு. சத்யப்ரியாவுக்கு இருபத்திமூணு. அத அப்படியே விட்ருவோம். மத்ததுகளோடத அவளையே திரும்ப எழுதச் சொல்லு, விடை தெரிஞ்சதுதான, ஆளுக்கு ரெண்டு நிமிசம். எல்லாருக்கும் இருபது வர்ற மாதிரி. அவதான் மொதல்ல வருவா, மதுரைக்குப் போவா. ஸ்கூலும் பச்சையில வந்துரும். யாருக்குத் தாயி நட்டம்?”

நல்ல யோசனைதான். மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவளே சரி என்றிருப்பாள்.

“ரெண்டாவது பேரப் பாருங்க சார்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். “சோலை, பத்தொம்பது. எந்தச் சோலை? கடைசி பெஞ்சுல இருக்குமே, ஆட்டுக்காரர் மக? அந்தப் பிள்ள வாயே தெறக்காதே!”

“வாயாலயா சார் பரீட்சை எழுதுது? ஒங்க கணக்குப்படி எல்லாருக்கும் இருபது போட்டா, ரெண்டாவது எடம் யாருக்கு? வயசுல மூத்தவனுக்கு. அவன் ரெண்டு சனிக்கெழம போயிட்டுத் திரும்பி வருவான். சோலைக்கு இம்புட்டுத் தெரியும்னு இன்னைக்குத்தான் சார் நமக்கே தெரியும்.”

“பத்து வருசமா இந்த ஸ்கூலு செவப்புல வந்ததில்ல.”

“பத்து வருசத்துல எத்தன சோலை போச்சோ.”

பாண்டிராஜ் காகிதத்தை மடித்தார். அப்போதும் குரல் உயரவில்லை. “கூட்டத்துல எந்திரிச்சு நிக்கப் போறது நான். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. ஜூன்ல ஒனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவனும் நான்தான்.”

“தெரியும் சார்.”

அப்போதுதான் அவர் தோள் பையைக் கவனித்தார். குடைக்காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 

தமிழ்வாணி கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சாவிய வச்சிட்டுப் போ.”

“அனுப்பிட்டுத் தாரேன் சார்” என்றபடியே வெளியேறி, கேட் பக்கம் திரும்பாமல் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் நடந்தாள்.