பாலமுரளியின் வணக்கம்

1

இந்தக் கதை தானாகப் பிறந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குவைத்தில், ஃபர்வானியாவில் இயங்கும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ஹஸ்னைன் வந்தார். "அண்ணே, முன்னாள் தலைவர் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேணும். வெள்ளிக்கிழமை மேடையிலயும் நீங்கதான் வாசிக்கணும்" என்றார். முன்னாள் தலைவர் பாலமுரளி போன வருடம் காலமானான். எழுதுகிறவர் அவனுடைய அண்ணன், இப்போது குவைத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார்.

(எடுத்ததற்கெல்லாம் 'நான்' என்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆகவே இனி 'அண்ணன்'.)

2

தொடக்கம் ஒன்று: 'நாவன்மையால் மேடைகளை ஆண்ட பாலமுரளி...'

தம்பியின் மனைவி பிரபாவதி காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். தம்பி போன பிறகு அவள் சிரித்து அண்ணன் பார்த்தது அன்றுதான்.

"யாரு மாமா இது? எங்க வீட்டுக்காரரா?"

"சபைக்கு எழுதுறதும்மா. நாலு பேர் படிப்பாங்க. உன் பொண்ணு தன்யாவுக்கு வரன் வேற பாக்குறோம்."

"அவர் பேச்சு எப்படி வரும்னு அந்தச் சபைக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வந்தப்ப அவருக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னதே நீங்கதான். இப்பவாவது அவரை அவரா விடுங்க மாமா."

தொடக்கம் இரண்டு: 'முதல் எழுத்து அவன் நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் அவன்' — அடித்தாயிற்று.

அந்தக் குறைக்கு ஒரு பெயர் உண்டு.*

* திருச்சி வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. அவன் தடுமாறினால் அண்ணன் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார். குடும்பத்தின் மானம் அப்படித்தான் காக்கப்பட்டது.

3

இப்படிப்பட்டவன் சங்கத் தலைவன் என்றால் வாசகர் நம்புவாரா? அண்ணனே நம்பவில்லை. பார்த்துவிடலாம் என்று ஓர் ஆண்டு விழாவுக்கு விமானமேறி வந்தார்.

பள்ளிக்கூட அரங்கம். முதல் வரிசையில் நாற்காலி. தம்பி மைக்கின் முன் நின்றான்.

"வ... வ..."

வணக்கம் வரவில்லை. அண்ணன் பாதி எழுந்துவிட்டார். ஹஸ்னைன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எடுத்துக் குடுக்காதீங்கண்ணே. தலைவரே வருவாரு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் வந்து பின்னால் நின்றவர்கள், மடியில் குழந்தையோடு இருந்தவர்கள், யாரும் செல்போனைப் பார்க்கவில்லை. யாரும் சங்கடப்பட்டுத் தலையைக் குனியவில்லை. ரயில் வந்தே தீரும் என்று பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களைப் போல இருந்தார்கள். தம்பியின் முகத்திலும் அவசரமில்லை. வணக்கம் வந்தது. அதை அந்தக் கூட்டம் வாங்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, அது

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றான். தலைவரே இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற மேடையில் யாருக்கு என்ன வெட்கம்? வரிசை வாசல் வரை நீண்டது. கிரேன் ஓட்டும் ராக்கப்பன் மைக்கை இறுகப் பற்றி, "பேச ஒண்ணுமில்லீங்க. ஒரு தடவ புடிச்சுப் பாக்கலாம்னு வந்தேன்" என்றார். அரங்கம் சிரித்தது. தம்பி எழுந்து நின்று கை தட்டினான்.

அண்ணன் அன்று தம்பியை அண்ணாந்து பார்த்தார். அந்த மேடை அவ்வளவு உயரமில்லை.

4

முடிவு ஒன்று: அண்ணன் 'நாவன்மை'ப் பக்கத்தை வாசிக்கிறார். மானம் பிழைக்கிறது. பிரபாவதி தலையைக் குனிந்துகொள்கிறாள்.

முடிவு இரண்டு: உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புகிறார். (கூடாது. எங்கள் வீட்டில் யாரும் சபைக்குப் பயந்து படுத்ததில்லை.)

மூன்றாவது, வெள்ளிக்கிழமை, அதே அரங்கம். முதல் வரிசையில் பிரபாவதியும் தன்யாவும். அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடிக்கிறார். எழுபது வருடமாக வாயில் வராத சொல்.

"என் தம்பி பாலமுரளி ஒரு தி... தி..."

(என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்காதீர்கள். நானே வருகிறேன்.)