நெற்றியில் எழுதிய பெயர்

காஸ்பருக்கு நான் தர வேண்டியிருந்தது இரண்டு கில்டர் முப்பது க்ரொய்ட்சர். என் மனைவி வால்பூர்காவின் மண்டையோட்டில் ரோஜா மாலை வரைந்து, நெற்றியில் பெயர் எழுதிய கூலியில் மீதி அது.

மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் குழியைத் தோண்டி, மண்டையோட்டை எடுத்து, வெயிலில் வெளுக்கவிட்டு, பூ வரைந்து, எலும்பு வீட்டில் அடுக்கிவிடுவோம். குழி அடுத்தவருக்கு. தோண்டுவதும் வரைவதும் காஸ்பர்தான்.

ஒன்பது வருஷம் ஞாயிறுதோறும் அவள் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உப்புச் சுரங்கத்தில் யார் விழுந்தார்கள், என் முழங்கால் எப்படி வலிக்கிறது, எல்லாம் சொல்வேன். காஸ்பர் மீதியைக் கேட்டதே இல்லை. நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் சுரங்கத்துக் கொட்டகையில் எழுத்துப் படித்தேன். "நாப்பத்தேழு வயசுல எதுக்குடா? மேல போனா சொர்க்க வாசல்ல பேதுரு பரீட்சை வைக்கப் போறாரா?" என்று சிரித்தார்கள். அவள் பெயரை நானே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பனி உருகிய முதல் ஞாயிறு, விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். க்ரெஸென்ஸ் என்று வந்தது. மறுபடி கூட்டினேன். க்ரெஸென்ஸ்தான்.

காஸ்பர் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"என் வால்பூர்கா எங்கண்ணே?"

கரண்டியைக் கீழே வைத்தார். "படிச்சிட்டியா."

"எங்க?"

"தோண்டும்போது கடப்பாரை பட்டுருச்சு, சீமோன். நொறுங்கிப் போச்சு. நீ தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னே. எனக்குச் சொல்ல வாய் வரல. கேக்க ஆளில்லாத பழைய ஓடு ஒண்ணு, ரோஜா போட்டது, கிடந்துச்சு. அதைக் காட்டிட்டேன்."

"ஊருக்குத் தெரியுமா?"

"பாதிப் பேருக்குத் தெரியும். நீ அதுகிட்டப் பேசுறதைப் பாத்தப்புறம் எவன் சொல்லுவான்?"

"நொறுங்கினது?"

"அந்தக் குழியிலயே போட்டேன். இப்ப அதுல தச்சன் படுத்திருக்கான்."

எழுந்து போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். "இந்தக் கடன் உனக்கு வேண்டாம்பா. நான் வரையவே இல்லையே." பேனாவை மையில் தோய்த்தார்.

நோட்டை என் பக்கம் திருப்பினேன். வால்பூர்கா, ரோஜா மாலை, இரண்டு முப்பது. அவள் பெயரை எழுத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

இன்னொரு முறை வாசித்தேன். பிறகு நோட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அந்த வரியின் மேல் கோடு போட்டார்.