பொன் உருகிய நேரம்

தட்டாரின் குகையில், அந்தச் சின்ன மண் கிண்ணத்தில், பொன் இளகத் தொடங்கியபோது, புஷ்பராணி அடுக்களை வாசலைத் தாண்டி ஓரடிதான் எடுத்து வைத்தாள். மகன் கட்டப்போகும் தாலிக்கான பொன். கணவன் இறந்த பிறகு, கெலுகோரில் உள்ள வீட்டில் ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அவள் சேர்த்துவைத்த பவுன் அது.

"அக்கா, உள்ளுக்கே இருங்க லா. தாலிக்குப் பொன் உருகுது," என்றாள் கொழுந்தனின் மனைவி யோகலட்சுமி, தாயின் இடத்தில் பட்டுடுத்தி நின்றுகொண்டு.

புஷ்பராணி மகனைப் பார்த்தாள். அவன் சொல்லுவான், அம்மாதான் நிற்க வேண்டுமென்று.

மகன் ஸ்ரீஸ்கந்தராஜா குகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சின்னம்மா சொல்றதக் கேளுங்கம்மா. ஆளுங்க முன்னால ஏன் இதெல்லாம்?"

நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் இருந்தது. கையிலிருந்த பாயசக் கரண்டியோடு சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பஷீர் அவளுடைய இதயப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரத்தக் குழாயில அடைப்பே இல்ல. ஆனா இதயத்தோட கீழ்ப்பாதி பலூன் மாதிரி ஊதிப்போய் சுருங்க மாட்டேங்குது. பெரிய அதிர்ச்சி வந்தா சிலருக்கு இப்படி ஆகும். தேறிடுவாங்க. வீட்ல ஏதாச்சும் நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். நல்ல காரியம்தான் நடந்துச்சு," என்றான் மகன்.

"அடைப்பே இல்லயாம்!" யோகலட்சுமி கட்டிலருகிலேயே சொன்னாள். "அப்ப சும்மாதானே? அதுக்குன்னு பொன் உருகிற நேரம் பார்த்தா விழுவாங்க!"

புஷ்பராணி உடம்பு தேறுவதிலேயே மனத்தை வைத்தாள். கல்யாணத்துக்கு முந்திய நாள் டாக்டர், "நாளைக்குக் காலையிலேயே நேரா மண்டபத்துக்குப் போகலாம். கல்யாணத்த உட்கார்ந்து பாருங்க," என்றார். அவளுக்கு அதுவே போதும். கடைசி வரிசையில், தூண் மறைவில் ஒரு நாற்காலி. மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கொண்டுவரச் சொல்லி மகனுக்குப் போன் போட்டாள். தாதி நோர்மாவிடம் அந்தப் பட்டின் கரையை விரலால் காற்றில் வரைந்து காட்டினாள்.

மாலையில் வந்தவன் பையைக் கட்டிலில் வைத்தான். உட்காரவில்லை.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன்மா. இன்னும் நாலு நாள் இங்கயே இருங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"நீ கேட்டியா, அவரா சொன்னாரா?"

"மண்டபத்துல வேலை கிடக்கும்மா," என்று போய்விட்டான்.

தமிழ் புரியாத நோர்மா ஆசையாகப் பையைத் திறந்தாள். நான்கு பழைய வீட்டுச் சேலைகள். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "மக்சிக், கல்யாணத்துக்கு இதில் எது?" என்று அத்தை முறை வைத்து மலாய் மொழியில் கேட்டாள்.

புஷ்பராணி வெளுத்துப்போன ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். நோர்மா அதை உதறி, சுருக்கம் நீவி, காலையில் எடுக்க வசதியாகக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டாள்.