தைக்காத கை

வெடிமருந்தைக் கிளப்பும் சின்னச் செம்புக் குப்பிக்குக் 'கேப்பு' என்று பெயர்; அதைத் திரியோடு சேர்த்துப் பல்லால் கடித்து நெரிப்பதுதான் அந்தச் சுரங்கத்தில் வழக்கம். அன்றைக்கு எலியோதோரோவுக்குப் பல்வலி. இடுக்கியை எடுத்து நெரித்தான். கேப்பு கையிலேயே வெடித்தது.

"அந்தச் சொத்தைப் பல்லுதான்யா உன் மூஞ்சியக் காப்பாத்துச்சு" என்றாள் அவன் மனைவி ஃபெலிசா, பொட்டோசி நகரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுரங்கத்திலேயே போய்விட்டன. கட்டைவிரல் நிற்குமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. கட்டைவிரல் இல்லாதவன் சுத்தியல் பிடிக்க முடியாது. சோற்றுக்கு ஊரான் கையைப் பார்க்கவேண்டியதுதான். டாக்டர் ஒர்தென்சியா இரண்டு மணி நேரம் செத்த சதையை வெட்டி, செம்புத் துணுக்குகளைப் பொறுக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஆனால் தைக்கவில்லை. துணியை அடைத்துச் சுற்றிவிட்டு, "அஞ்சு நாளைக்கு யாரும் பிரிக்கக் கூடாது" என்று சொல்லிப் போனார்.

ஃபெலிசாவுக்கு மனசு ஆறவில்லை. அவள் சுரங்க வாசலில் தாதுக்கல் உடைப்பவள். அவன் மண்டை கிழிந்தபோது மாவுமூட்டை நூலால் அவளே தைத்திருக்கிறாள். அந்தக் குடியிருப்பில் எந்தப் பெண்ணும் தைப்பாள். தைக்காமல் போட்டிருந்தால் ஆளைக் கைகழுவிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். மூன்றாம் நாள் கட்டுத்துணி நாறவும் ஆரம்பித்தது. வெந்நீரில் போட்டெடுத்த ஊசியைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"கையக் குடுய்யா."

"டாக்டரம்மா வைவாங்கடி."

"வையட்டும். அது அவங்க கையா, உன் கையா?"

மேல் சுற்று பிரிந்தபோது டாக்டர் வந்துவிட்டார். ஊசியைப் பார்த்தார். கத்தவில்லை. குனிந்து கட்டுத்துணியை முகர்ந்தார். அவன் நெற்றியைத் தொட்டார். வெளியே தெரிந்த கட்டைவிரல் நுனியை அழுத்திவிட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல. இது ஊறுன ரத்தத்தோட நாத்தம்தான். ஏம்ப்பா, வெடி வெடிச்ச உடனே சுரங்கக் கூரைக்குத் தூண் நட்டுப் பலகை அடிப்பீங்களா?"

"எவனாச்சும் அடிப்பானா?" என்றான் எலியோதோரோ. "தொங்குற கல்லையெல்லாம் கடப்பாரையால தட்டித் தள்ளணும். அப்புறமும் எது விழும்னு காத்திருந்து பாக்கணும்."

"இங்கயும் அதேதான். எந்தச் சதை நிக்கும், எது சாகும்னு எனக்கே இன்னும் தெரியாது. இன்னிக்கித் தச்சா, சாகுறது உள்ளயே அழுகும். அப்புறம் மணிக்கட்டோட எடுக்கணும்."

ஃபெலிசா ஊசியை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். "நீங்களே வெச்சுக்குங்கம்மா. எங்கிட்ட இருந்தா நாளைக்கும் கை அரிக்கும்."

அடுத்த இரண்டு நாளும் அவனுக்கு உருளைக்கிழங்கு சூப்பை ஊட்டினாள், வலி மரத்துப்போக அவன் கன்னத்தில் கோக்கா இலை அடக்கினாள், நல்ல கையைத் தன் சால்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

ஐந்தாம் நாள் டாக்டர் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஒரு ஓரம் கறுத்திருந்துச்சு, வெட்டிட்டேன். மத்ததெல்லாம் நல்ல சிவப்பு. தச்சாச்சு. கட்டைவிரல் இருக்கு. மடங்குமான்னு அவருதான் காட்டணும்."

தையல் பிரித்த அன்று, அவனுடைய கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஃபெலிசா தன் விரலை வைத்தாள்.

"பிடி."

நெற்றி வியர்க்க, அது மெதுவாக மடங்கியது.

"இதுவா பிடி? கோழிக்குஞ்சு இதவிட இறுக்கிப் பிடிக்கும்."

"உன் விரல் பூரா காய்ப்பு. பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல."

"தெரியற வரைக்கும் பிடி" என்றாள். விரலை எடுக்கவில்லை.